சாந்தாமணிக்கு ஒரு பக்கவாத்தியம்

ஆகஸ்ட் 4

பம்ப் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்த காலத்தில் தினமும் வேலைக் குறிப்பு எழுதுவேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று முதல் மறுபடியும் எழுதலாம்.

வேலை இதுதான். என் மனைவி சாந்தாமணியோடு சேர்ந்து வாசிக்க ஓர் இயந்திரம் செய்யப் போகிறேன். ஏற்கெனவே பதிவு செய்ததைப் போட்டுக்காட்டும் சமாச்சாரம் இல்லை. அவள் வயலினில் மனம்போன போக்கில் ஸ்வரம் வாசித்தால், அதைக் கேட்டு, அந்த நிமிஷத்திலேயே தன் பதிலை யோசித்து வாசிக்க வேண்டும். கச்சேரியில் பாடகியும் வயலினும் மாறி மாறிப் பேசிக்கொள்வார்களே, அப்படி.

கோதைநாயகி பழனிக் கச்சேரிக்கு வேறு வயலினை அழைத்துக்கொண்டு போய்விட்டார். கோதை பாடினால் பக்கத்தில் சாந்தா உட்கார்ந்து வாசிப்பாள் என்பது எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஏற்பாடு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எனக்குத்தானுங்க பஸ்ஸு, ரயிலெல்லாம் ஒத்துக்கறதில்ல. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள். இப்போது வீட்டில் தனியாக வாசிக்கிறாள். துணைக்கு ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும். நானோ தாளமே ஒழுங்காகப் போடத் தெரியாதவன்.

பின்பக்கத் தகர ஷெட்டைச் சுத்தம் செய்தேன். இரண்டு தேள்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குக் காலனி சங்கத்தில் கூப்பிட்டார்கள். மிட்டாய் கொடுத்தார்கள்.

பலாமரப் பெட்டி வந்துவிட்டது. அதன்மேல் தந்திகள் கட்டினேன். மீட்டுவதற்குச் சின்னச் சின்ன இரும்பு விரல்கள், கமகத்துக்காகத் தந்தியை அழுத்தியபடி நகரும் ஒரு கட்டை. கேட்பதற்கு மைக். யோசிப்பதற்கு என் பழைய கணினி. சாந்தா வந்து சுற்றிப் பார்த்தாள். ஷெட்டின் நடுவில் துண்டு விரித்து அதன்மேல் பெட்டியை வைத்திருந்தேன்.

"ஒரு வேலையும் செய்யாம நடுவீட்ல உக்காந்துட்டு எல்லாரையும் பாக்குது. மாப்பிள்ளை மாதிரி" என்றாள்.

பெயர் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 27

மாப்பிள்ளை முதல்முறையாக வாசித்தது. அவள் மோகனத்தில் நாலு ஸ்வரம் வாசித்தாள். அதே நாலு ஸ்வரத்தை அப்படியே திருப்பி வாசித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னதையே திருப்பிச் சொல்வதற்கு எதற்கு ஒரு ஆள் என்று கேட்டாள். நியாயம்தான்.

பதிலுக்குப் பதில் என்றால் என்ன என்று அதற்குக் கற்றுத்தர வேண்டும். பரணிலிருந்து அவளும் கோதையும் செய்த பழைய கச்சேரி கேசட்டுகளை இறக்கினேன்.

செப்டம்பர் 2

நாள் முழுக்கக் கேசட். கணினிக்காகத்தான் போட்டேன், ஆனால் நான்தான் அதிகம் கேட்டேன். கோதை ஒரு ஸ்வர வரிசையைப் பாடி முடிக்கிறார். முடிக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, கடைசி ஸ்வரத்தின் வால் இன்னும் காற்றில் இருக்கும்போதே சாந்தாவின் வில் அதைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஊசி நுழைய இடமில்லை. இவர்கள் இருவரும் ஒரே மூச்சை விடுகிறார்களோ என்று தோன்றியது.

சாந்தா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இதைக் கொஞ்சம் வந்து கேளேன்" என்று கூப்பிட்டேன். வரவில்லை. பழைய கேசட்டைக் கேட்டால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்போல. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 9

மாப்பிள்ளைக்கு இப்போது சொந்தப் புத்தி வந்திருக்கிறது. அவள் ஏறினால் இது இறங்குகிறது. அவள் ஒரு ஸ்வரத்தில் நின்றால் இது அதையே சுற்றி வருகிறது. சில நேரம் அபத்தம், சில நேரம் அழகு.

சிக்கல் ஒன்று இருக்கிறது. இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். அது முடிக்கும் முன் அவள் ஆரம்பிக்கிறாள், அல்லது அது முடித்த பிறகும் அவள் சும்மா இருக்கிறாள். என் நிரலில் எங்கோ தாமதம் இருக்க வேண்டும். கோதையிடம் இருக்கும் ஏதோ ஒன்று என் பெட்டியிடம் இல்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான், கூடத்தில் இருந்த சாந்தா கதவைத் திறக்கவில்லை. திட்டிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 16

மைக்கை மாற்றினேன். தாமதம் போகவில்லை.

செப்டம்பர் 21

சாந்தாவின் அக்கா வீட்டுக்கு, காந்திபுரம் வழியாக, டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். கூட்டம், ஹாரன், டிரைவர் போட்ட பாட்டு. அந்தக் கூச்சலில் நான் காதோரம் கத்தியதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரம்மாளோடு நாத்தனார் கதைவரை போய்விட்டாள். வீட்டில் நான் ஒன்று கேட்டால் பாதி நேரம் பதிலே வருவதில்லை. பஸ் ஒத்துக்கவில்லை என்றவள் பஸ்ஸில்தான் சந்தோஷமாக இருக்கிறாள். வீட்டில் அடைந்து கிடப்பதுதான் அவளுக்குச் சலிப்பு என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறையாவது எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

செப்டம்பர் 30

ரோட்டில் லாரி போனால் மாப்பிள்ளையின் சத்தம் அமுங்கிப்போகிறது. அதனால் ஒரு மாற்றம் செய்தேன். சுற்றிலும் இரைச்சல் கூடினால் தானாகவே ஓங்கி மீட்டும், அமைதியாக இருந்தால் மென்மையாக. நல்ல கலைஞன் அப்படித்தானே செய்வான்.

அக்டோபர் 8

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

மதியம் பிடித்த மழை தகரக் கூரையில் கொட்டிற்று. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. வாசிப்பு வேண்டாம், உள்ளே போகலாம் என்று கையால் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வயலினை மார்பில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். கல்யாணி ராகம். மாப்பிள்ளை மழைக்குப் போட்டியாக ஓங்கி அடித்தது. ஒரு முட்டல் இல்லை. அது எறிந்ததை இவள் பிடித்தாள், இவள் எறிந்ததை அது பிடித்தது. வரிசைகள் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் ஆளுக்கொரு ஸ்வரமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். கேசட்டில் கேட்ட அதே சாந்தா. முடித்தபோது முகம் சிவந்திருந்தது.

தாமதம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மழை என்றால் அவளுக்கு எப்போதும் ஒரு குஷி. அதுதான் காரணமாக இருக்கும்.

அக்டோபர் 10

மழை இல்லை. மறுபடியும் முட்டல்.

அக்டோபர் 24

ஒரு பொறியியல் கல்லூரியின் கலைவிழாவில் மாப்பிள்ளையைக் காட்டச் சொல்லி அழைப்பு. சாந்தா முதலில் மறுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மேடையில் வாசித்து நாளாகிவிட்ட கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஊதாப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 29

குளிரூட்டிய அரங்கு. கதவைச் சாத்தினால் மூச்சுச் சத்தம் கேட்கும் அமைதி. மாப்பிள்ளை அந்த அமைதிக்கு ஏற்றாற்போல் மிக மென்மையாக வாசித்தது. சாந்தா இரண்டு முறை அது முடிக்கும் முன்பே புகுந்துவிட்டாள். மூன்றாவது முறை அது முடித்துவிட்டுக் காத்திருக்க, இவள் வில்லை உயர்த்தியபடி அதன் இரும்பு விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்து மைக்கை வாங்கி, இயந்திரத்தில் சிறு தாமதக் கோளாறு இருக்கிறது, அம்மா மேல் தவறில்லை என்று சொன்னேன். கைதட்டினார்கள். சாந்தா என்னைப் பார்க்கவில்லை.

வரும் வழியில் காரில், சிங்காநல்லூர் சிக்னலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. கியர் மாற்றச் சிரமமாக இருந்தது. நானும் கையை விடுவிக்கவில்லை.

அக்டோபர் 30

நேற்றைய பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை ஓர் இடத்தில்கூடத் தாமதிக்கவில்லை. மழை நாள் பதிவையும் பார்த்தேன். அது ஓங்கி வாசித்த இடங்களில் சாந்தா நேரத்துக்கு வருகிறாள். மென்மையாக வாசித்த இடங்களில்...

நாளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 31

இன்று கணினியைத் திறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். கொய்யா மரத்துக் கிளையை வெட்டினேன்.

நவம்பர் 1

சாந்தா எனக்கு முதுகைக் காட்டியபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "சாந்தா, நாளைக்கு ஊட்டி போலாமா?" என்று கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். காய் நறுக்கும் சத்தம் அப்படியே தொடர்ந்தது. திருட வந்தவன் மாதிரி பின்வாங்கி ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் வேலையில் மும்முரமாக இருந்திருக்கலாம்.

நவம்பர் 3

சாயங்காலம் அவளே ஷெட்டுக்கு வந்தாள். நான் மாப்பிள்ளையின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரில் முக்காலியைப் போட்டு, என் வாயைப் பார்க்கும்படி உட்கார்ந்தாள். இப்போது யோசித்தால் கொஞ்ச காலமாகவே அப்படித்தான் உட்காருகிறாள்.

"அவனைக் குடைஞ்சுட்டே இருக்காதீங்க. அவன்மேல தப்பில்லீங்க. எனக்குத்தான் காது கேக்கறதில்ல."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆரம்பித்ததாம். முதலில் இடது காது, பிறகு வலதும். தன் வயலினும் தன் குரலும் நன்றாகக் கேட்கின்றன, மற்றவர்கள்தான் பஞ்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள் என்றாள். கோதையின் கச்சேரியைத் தான் மறுக்கவில்லை, கோதைதான் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னாள். மழை பெய்த அன்று மட்டும், மாப்பிள்ளை ஓங்கி வாசித்ததால் ஒவ்வொரு ஸ்வரமும் காதில் விழுந்ததாம். உள்ளே வந்து அழுததாகச் சொன்னாள். அன்று நான் கணினிமுன் உட்கார்ந்து தாமதம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"சொன்னா அன்னிக்கே சரிபண்ண ஆரம்பிச்சிருவீங்க. ஸ்பேனரை எடுத்துட்டு வந்துருவீங்க. கொஞ்ச நாளைக்கு நான் ரிப்பேரான சாமானா இல்லாம, உங்க பொண்டாட்டியா மட்டும் இருந்துக்கறேன்னு நெனச்சேன்."

சாப்பிட்டோம். உப்புமா.

நவம்பர் 4

காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குப் போய், அவள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு சிறு ஒலிபெருக்கிக் கருவிக்குப் படம் வரைந்தேன். காபியோடு வந்தவள் பார்த்துவிட்டாள். டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"பாத்தீங்களா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

படத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் சொன்னதை நேற்று கேட்டேன், இன்றுதான் காதில் விழுந்தது.

நவம்பர் 6

டாக்டரிடம் போகலாம் என்று அவளே சொன்னாள். ஒரு நிபந்தனை: டாக்டரிடம் நான் கேள்வி கேட்கக் கூடாது.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் டாக்டர், பொறுமைசாலி. நடுக்காதில் அரிசியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு உண்டாம். சத்தம் வந்தால் அது அசைய வேண்டும். இவளுக்கு அது இறுகிப்போயிருக்கிறது. உள்காது நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் மார்பில் சாய்த்து வாசிக்கும் வயலின் எலும்பு வழியாக உள்ளே போய்க் கேட்கிறது என்று விளக்கினார். இரைச்சலான இடத்தில் சுற்றுச் சத்தம் இவளுக்கு அமுங்கிவிட, மற்றவர்கள் ஓங்கிப் பேசுவது நன்றாகவே கேட்குமாம்; பஸ்ஸும் மழையும் ஞாபகம் வந்தன. அறுவை சிகிச்சை செய்யலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு அந்தக் காது அடியோடு போய்விடவும் கூடும். வேண்டாம் என்றால் காதில் மாட்டும் கருவி இருக்கிறது.

எனக்கு நூறு கேள்வி. ஒன்றையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சாந்தா, "ரொம்ப கஷ்டமா இருந்துச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். இரண்டு பேரும் இளநீர் குடித்தோம்.

நவம்பர் 9

கோதைநாயகியைப் பார்க்கத் தனியாகப் போனாள். மதியம் போனவள் விளக்கு வைக்கும் நேரத்தில் கோதையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் கண் வீங்கியிருந்தது.

கோதை என்னிடமும் சொன்னார். போன வருஷம் திருப்பூரில் இவர் ஒரு வரிசையைப் பாடி நிறுத்திவிட்டுக் காத்திருக்க, சாந்தா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாளாம். அடுத்த கச்சேரியிலும் அப்படியே. தன்மேல் ஏதோ வருத்தம், மேடையிலேயே காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டாராம். கேட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை.

"இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கறேன். உனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியலியே சாந்தா" என்று மறுபடியும் அழ ஆரம்பித்தார். சாந்தாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டாள். கோதை வீடே அதிரும்படி அதையே கத்திச் சொன்னார். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

போகும்முன் கோதை மாப்பிள்ளையைப் பார்த்தார். அதற்கு முன்னால் உட்கார்ந்து நாலு ஸ்வரம் பாடினார். அது பதில் சொன்னது. "சாந்தா புடிக்கற மாதிரியே புடிக்குதே" என்றார். அவளுடைய கேசட்டில் கற்றது என்றேன்.

நவம்பர் 12

அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவு. அவள் முடிவு. முதலில் இடது காது மட்டும். போனாலும் வலது காதில் கருவி மாட்டிக்கொண்டு வாசிப்பேன் என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். தனக்கும் பயம்தான் என்றாள். எதையும் சரிசெய்யாமல் இரண்டு பேர் சேர்ந்து பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது. டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 18

முடிந்தது. காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

நவம்பர் 22

வீட்டுக்கு வந்துவிட்டோம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். சமையல் என்னுடையது. ரசம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். இந்த அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு நாக்கில் அப்படித் தெரியும் என்று டாக்டர் சொன்னார் என்றேன். நானும் குடித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதற்கும் இந்த ரசத்துக்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 28

சாந்தா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். பஞ்சு எடுக்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது. நான் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளைமேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன்.

டிசம்பர் 5

பஞ்சை எடுத்தார்கள். டாக்டர் அவள் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"இவர் செஞ்ச பொங்கலுங்க. அதை ஏன் கேக்கறீங்க" என்றாள், திரும்பாமலே.

நான் வராண்டாவுக்கு வந்து நின்றுகொண்டேன். அங்கே ஒரு நர்ஸ், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வீடு திரும்பும்போது, பேப்பர் கசங்கும் சத்தம் இவ்வளவு பெரிதாகவா இருக்கும் என்றாள். என் மூச்சு விசில் அடிக்கிறதாம். கார் பின்சக்கரத்தில் ஏதோ கிறீச்சிடுகிறது என்றாள். எனக்குக் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம், இருந்தது.

டிசம்பர் 14

வயலினைத் தொடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தொடவில்லை. உறையோடு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பழகிய சத்தம் மாறிப்போயிருந்தால் என்ன செய்வது என்கிறாள். வாசித்துத்தான் பாரேன் என்று வாய்வரை வந்துவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

டிசம்பர் 17

காலை டிபன் முடிந்ததும், சந்தைக்குப் போய் வாருங்கள் என்றாள். காய்கறி இருக்கிறதே என்றேன். "இருந்தாலும் போய்ட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றாள். ஷெட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உழவர் சந்தையில் வேண்டாத பூசணிக்காய், வேண்டாத சேனைக்கிழங்கு எல்லாம் வாங்கினேன். இரண்டு தடவை டீ குடித்தேன். இதற்குமேல் சுற்ற முடியாது என்று திரும்பி வந்தேன்.

தெருமுனையிலேயே வயலின் கேட்டது. வாசல் கேட்டுக்கு வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். மழை இல்லை, லாரி இல்லை. மாப்பிள்ளை மிக மென்மையாக ஒரு கேள்வி கேட்டது, காற்றில் இலை அசைவது போல. அது முடிவதற்குள் சாந்தாவின் வில் அதன் வாலைப் பிடித்துவிட்டது. அது வேறு வழியாகப் போகப் பார்த்தது, அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள். திடீரென்று நிறுத்தினாள். அதுவும் நின்றது. யார் முதலில் ஆரம்பிப்பது என்று இரண்டும் காத்திருந்தன. உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன, முட்டாமல்.

மாப்பிள்ளையின் மூன்றாவது தந்தி லேசாக இறங்கியிருந்தது. போய் ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயக்கா குப்பைக் கூடையோடு வெளியே வந்தவர், கையில் பைகளோடு நான் என் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

"என்னங் தம்பி, சாவி இல்லீங்களா?"

"இருக்குதுங்க்கா" என்றேன். பைகளைக் கீழே வைத்துவிட்டு, மதில்மேல் சாய்ந்துகொண்டேன்.